அண்ணன் இன்னும் முடிக்காத படம்

என் அண்ணன் பல்செட் செய்பவர். பல் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் இத்தனை வருடமாக இதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறார். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பல்லை வரிசையாகப் பதித்து, ரோஸ் நிற அக்ரிலிக்கில் வார்த்து, தேய்த்து மெருகேற்றி, ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் திருப்பி அனுப்புவோம். அந்தப் பல்லைப் போட்டுக்கொள்கிறவர் யார், குட்டையா நெட்டையா, போட்டுக்கொண்டு யாரைத் திட்டுகிறார், எதுவும் எங்களுக்குத் தெரியாது. டப்பாவின் மேல் ஒரு நம்பர் இருக்கும். அவ்வளவுதான்.

பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். ஜன்னலோரம் அண்ணன், உள்பக்கம் மெருகு மிஷினில் நான். அண்ணன் பேசமாட்டார். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். அதில் ஆறு அண்ணியிடம், சாப்பாடு சம்பந்தமாக. மீதி நாலில் என்னைத் திட்டுவதும் அடக்கம். நான் அதற்கு நேர் எதிர். மிஷின் சத்தத்தையும் தாண்டிப் பேசிக்கொண்டே இருப்பேன். எங்களைப் பெற்றவள், ஒருத்தனுக்கு வைக்க வேண்டியதையும் சேர்த்து இன்னொருத்தனுக்கு வைத்துவிட்டான் கடவுள் என்பாள்.

அண்ணனுக்கு நாற்பத்து நாலு வயது நடக்கும்போது ஒரு நாள் பட்டறைக்கு ஒரு பெண் வந்தார். அண்ணனைவிட இரண்டு மூன்று வயது சின்னவராக இருக்கலாம். முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில், கையில் பிஸ்கட் டின். டின்னைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஒரு சாண் உயரப் பொம்மையை எடுத்து அண்ணனின் மேஜைமேல் நிறுத்தினார். குண்டான தபால்காரர். தொப்பி, பை, தொந்தி எல்லாம் இருந்தது. மூக்குக்குக் கீழே மட்டும் வழவழவென்று ஒன்றுமே இல்லை.

"டாக்டர், இவருக்கு வாய் வேணும்" என்றார்.

"நான் டாக்டர் இல்லம்மா. பல்லு செய்யறவன்" என்றார் அண்ணன்.

நான் மிஷினை நிறுத்திவிட்டேன். பைத்தியம் எதுவோ வழி தவறி வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் நிதானமாக விளக்கினார். பெரிய துணிக்கடை ஒன்றில் கண்ணாடி ஜன்னலுக்குள் நிற்கும் பொம்மைகளுக்கு உடை மாற்றி நிறுத்துவதுதான் அவர் வேலையாக இருந்ததாம். தினமும் காலையில் ஒரு பொம்மையின் கையைக் கொஞ்சம் தூக்கி வைப்பார், இன்னொன்றின் தலையைக் கொஞ்சம் திருப்பி வைப்பார். ஒரு மாதம் கழித்து, தினமும் பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போகும் ஒருவர் உள்ளே வந்து, உங்க பொம்மை என்னைப் பார்த்து மெதுவா கையாட்டுதுங்க என்றாராம். அன்றைக்குப் பிடித்தது இது. பொம்மையை ஒரு மயிரிழை நகர்த்துவது, ஒரு படம் எடுப்பது, மறுபடி ஒரு மயிரிழை, மறுபடி ஒரு படம். இப்படிப் பன்னிரண்டு தடவை செய்தால் திரையில் ஒரு நொடி. எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் அதைச் செய்ததில்லை. சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை, படிக்கப் புத்தகமும் இல்லை. துணிக்கடை வேலையை விட்டுவிட்டு, ஒரு நடக்கிற சேவலும் ஒரு குளிக்கிற யானையும் எடுத்து முடித்திருந்தார். அடுத்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துக்காட்டும் தபால்காரர். அவர் பேச வேண்டும். பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வாய். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டிப் படம் எடுக்க வேண்டும். களிமண்ணில் செய்து பார்த்தாராம், விளக்குச் சூட்டில் உதடு தொங்கிப்போகிறது.

பதினோரு வாய் வரைந்த தாளை நீட்டினார். அண்ணன் தாளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பொம்மையைப் பார்த்தார். "பதினொண்ணு பத்தாது" என்றார்.

அடுத்த இரண்டு வாரம் அண்ணன் நடந்துகொண்டதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்துபோனோம். யார் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தார். என்னையே பேசு பேசு என்றார், அதுவரை வாழ்நாளில் சொல்லாத வார்த்தை. அண்ணி கோபமாக எதையோ கேட்டுக்கொண்டிருக்கும்போது கிட்டே போய்க் குனிந்து பார்த்திருக்கிறார். என் மூஞ்சில என்ன எழுதியா ஒட்டியிருக்கு என்று அண்ணி கரண்டியோடு திரும்பியதும், "அந்த 'ஒட்டி'ய இன்னொரு தடவ சொல்லு" என்றாராம். கடைசியில் பத்தொன்பது வாய் செய்தார். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நக அளவு. மூடிய வாய், ம-வுக்கு ஒன்று, ஆவுக்கு ஒன்று, உதடு குவிந்த ஊவுக்கு ஒன்று, நாக்கு நுனி பல்லைத் தொடுகிற த, உள்ளே மடிகிற ள. பல்கூட இருந்தது. தபால்காரர் வயதுக்கு ஏற்றாற்போல் லேசான மஞ்சள்.

அவற்றை அண்ணனே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மாவின் அறை ஓர் அச்சகத்தின் மாடியில். ராத்திரி பகலாக அச்சு இயந்திரம் ஓடும், ஓடும்போது மாடி முழுக்க அதிரும், பொம்மைகள் தானாகவே நடக்க ஆரம்பித்துவிடும். அதனால் அச்சகத்துக்காரர்கள் சாப்பாட்டுக்கு மிஷினை நிறுத்துகிற ஒரு மணி முதல் இரண்டு மணி வரையும், ஞாயிற்றுக்கிழமையும் மட்டும்தான் அவரால் வேலை செய்ய முடியும். அண்ணன் போனது ஒரு மணிக்கு. இரண்டரைக்குத் திரும்பி வந்தார். சாப்பிட்டிருக்கவில்லை. என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"டேய், நாம செஞ்ச பல்லு பேசுதுடா" என்றார்.

இருபது வருடமாக டப்பா டப்பாவாக அனுப்பியிருக்கிறோம். ஒரு பல்லாவது பேசி நாங்கள் பார்த்ததில்லை.

அதன் பிறகு மத்தியானம் ஒரு மணி ஆனால் அண்ணன் ஜன்னலோரத்தில் இருக்கமாட்டார். மகள் பிறந்தபோது வாங்கிய எட்டு மில்லிமீட்டர் கேமரா ஒன்று அவரிடம் இருந்தது. வீட்டு விசேஷங்களை எடுக்க வாங்குவார்களே, அந்தச் சாவி கொடுக்கிற கேமரா. குழந்தை தவழ்ந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது, அதோடு கேமரா பீரோவுக்குள் போயிருந்தது. அதை எடுத்துத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போக ஆரம்பித்தார். எதுக்குண்ணே என்று கேட்டேன். படம் முடிந்ததும் பார்க்கிறவர்களுக்குத் தபால்காரர் மட்டும்தான் தெரிவார், அந்தம்மாவோட கை ஒரு இடத்திலயும் இருக்காது, அவங்க கை எதுலயாவது இருக்கணும் இல்ல என்றார். அவரைப் பற்றி ஒரு படம் எடுக்கப் போவதாகச் சொன்னார். டாக்குமெண்டரி என்ற வார்த்தையை எங்கிருந்தோ பிடித்து வைத்திருந்தார். கடைசியில் விளக்கம் பேசிச் சேர்க்க வேண்டும், அதைத் தானே பேசப்போவதாகவும் சொன்னார். பத்து வாக்கியக்காரர் விளக்கம் பேசப்போகிறாராம். நான் சிரித்ததில் பிளாஸ்டர் தூள் மூக்கில் ஏறிவிட்டது.

ஒரு சுருள் நாலு நிமிடம்கூட வராது. அந்த நாலு நிமிடத்தில் பொம்மையம்மா, நாங்கள் அவரை அப்படித்தான் கூப்பிட ஆரம்பித்திருந்தோம், பொம்மையின் கையை இரண்டு தடவை நகர்த்துவார். சில சுருளில் அதுவும் இல்லை. கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். கழுவி வந்த சுருள்களை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜன்னலை மூடிவிட்டு, படுக்கை விரிப்பைக் கட்டி எங்களுக்குப் போட்டுக்காட்டுவார். ஒரு தடவை முழுச் சுருளும் அந்த அம்மா ஒரு திருகாணியைத் தேடுவது. இதுக்குச் சுவத்துல பல்லி ஓடறத பாத்திருக்கலாம் என்று நான் சொன்னேன். அண்ணி மட்டும், தேடறது கெடச்சுதா இல்லையா என்று கடைசிவரை பார்த்தாள். கிடைக்கவில்லை, சுருள் முடிந்துபோயிற்று.

பொம்மையம்மா அண்ணனை வாய்க்காரர் என்று கூப்பிடுவார். ஊமைக்கு அடுத்தபடியாக இருக்கிற மனிதனுக்கு அப்படி ஒரு பெயர். அண்ணன் அதைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பார். இரண்டு பேருமே பேசாமல் அந்த ஒரு மணி நேரத்தைக் கழிப்பார்கள் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். அவள்தான் சாப்பாட்டு டப்பாவை மூன்று பேருக்குமாகக் கட்டி அங்கேயே கொண்டுபோவாள். விளக்கைப் பிடிப்பதும் அவள்தான்.

இப்படி ஏழு வருடம், முப்பத்தொரு சுருள். தபால்காரர் அதற்குள் ஆறு நிமிடம் நடந்து பேசியிருந்தார்.

இந்த இடத்தில் என் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். நாலாவது வருடம் என்று நினைக்கிறேன். வேலை நெருக்கிய ஒரு மாதம். அண்ணன் வெளியே போயிருந்தார். உடைந்த வாய் ஒன்றை மாற்றித் தரச் சொல்லிப் பொம்மையம்மா பட்டறைக்கு வந்தார். நான் வாசலிலேயே நிறுத்தினேன். "நீங்க எங்க அண்ணன் பொழப்ப கெடுக்கறீங்க. உங்களுக்கு வேல இல்ல, பொம்மையோட வெளயாடறீங்க. எங்களுக்கு நெறைய இருக்கு" என்றேன். அவர் முகம் மாறவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, உடைந்த வாயைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு பட்டறைப் பக்கமே வரவில்லை. நான் சொன்னதை அண்ணனிடம் சொல்லவும் இல்லை. உடைந்த வாயை அவரே பசை வைத்து ஒட்டிக்கொண்டார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அண்ணனுக்கு ஐம்பத்தோரு வயது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மேல் வரிசைக்கு மெழுகு கட்டிக்கொண்டிருந்தவர் என் பக்கம் திரும்பி என்னவோ சொன்னார். மிஷின் சத்தத்தில் காதில் விழவில்லை என்று நினைத்து நிறுத்தினேன். மறுபடி சொன்னார். அது வார்த்தையே இல்லை. வலது கையிலிருந்து மெழுகுக் கத்தி விழுந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்கப் பார்த்தார், கை போகவில்லை. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. நான் வாசலுக்கு ஓடிக் கத்தினேன். எதிர்க்கடைக்காரர்தான் வண்டியைக் கொண்டுவந்தார்.

பக்கவாதம். பிழைத்துவிட்டார். கால் சீக்கிரமே சரியாகிவிட்டது, கை கொஞ்சம் கொஞ்சமாக வரும் என்றார்கள். பேச்சுத்தான் போய்விட்டது. நாம் சொல்வதெல்லாம் புரியும், மனசுக்குள் வார்த்தையும் இருக்கும், ஆனால் அதைச் சொல்ல உதட்டையும் நாக்கையும் எப்படி வைக்க வேண்டும் என்பது மறந்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். எதைச் சொல்ல நினைத்தாலும் 'தே' என்றுதான் வந்தது. தண்ணீருக்கும் தே, வலிக்கும் தே, அண்ணிக்கும் தே.

வாரத்தில் இரண்டு நாள் தெரபிஸ்ட் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயதுதான், ஆனால் கண்டிப்பு. அண்ணன் முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து, என் வாயைப் பாருங்க, அப்புறம் உங்க வாயைப் பாருங்க என்பார். இரண்டாவது வாரமே அண்ணன் கண்ணாடியைக் குப்புறக் கவிழ்த்துவிட்டார். நிமிர்த்தி வைத்தால் கண்ணை மூடிக்கொண்டார். ஊராரின் வாயைக் கோணல் இல்லாமல் செய்துகொடுத்தவர், தன் வாய் கோணிக்கிடப்பதைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை. ஆறு வாரம் அப்படியே போயிற்று. 'தே' என்பதையும் நிறுத்திவிட்டார். முன்பும் அவர் பேசாமல்தான் இருந்தார். ஆனால் இது அந்த மௌனம் இல்லை. வீட்டில் நடக்க முடியாத அளவுக்கு அது கனத்தது. நானே அங்கே போனால் வாயை மூடிக்கொள்ள ஆரம்பித்திருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு மணிக்குப் பொம்மையம்மா வந்தார். கதவைத் திறந்தது நான். வாசலில் ஒரு நொடி நின்றார், உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரி. வழியை விட்டு விலகி நின்றேன். கையில் அதே பிஸ்கட் டின்.

கட்டிலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேஜையை இழுத்துப் போட்டு, தபால்காரரை அண்ணன் முகத்துக்கு நேராக நிறுத்தினார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. பொம்மைக்கு மூடிய வாய் மாட்டியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு ம-வை மாட்டினார். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்பது எங்களுக்குத்தான் தெரியுமே, சுருள் சுருளாகப் பார்த்திருக்கிறோம்.

அண்ணன் பொம்மையைப் பார்த்தார். கண்ணாடியிலிருந்து திருப்பிக்கொள்கிற முகத்தை இதிலிருந்து திருப்பிக்கொள்ளவில்லை. அந்த உதட்டை அவரே மெழுகில் செதுக்கியிருக்கிறார், எங்கே எவ்வளவு அழுத்தம் என்று அவர் விரலுக்குத் தெரியும். இடது கையை நீட்டிப் பொம்மையின் உதட்டைத் தொட்டார். பிறகு தன் உதட்டைத் தொட்டார். சேர்த்து மூடினார். மூக்கால் ஒரு முனகல் வந்தது. பொம்மையம்மா தலையாட்டவில்லை, பாராட்டவில்லை. ம-வைக் கழற்றி ஆ-வை மாட்டினார். மறுபடி ம. மறுபடி ஆ. நாற்பது நிமிடம் இருக்கும். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ம்...மா" என்றார் அண்ணன்.

அண்ணியை அவர் எப்போதும் 'மா' என்றுதான் கூப்பிடுவார். சமையலறையிலிருந்து "என்னங்க" என்று குரல் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையில் இருந்த தட்டோடு வாசல்படியில் வந்து நின்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பொம்மையம்மா அதற்குள் வாய்களை எண்ணி டின்னுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கு 'த' பாக்கலாம்" என்றார்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். தெரபிஸ்ட் பெண்ணிடம் சொன்னபோது, கோபித்துக்கொள்வார் என்று பயந்தோம். அவர் பத்தொன்பது வாயையும் மேஜைமேல் பரப்பி வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். இதைச் செய்தவருக்குத்தான் நான் வாயைத் திறக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டார். பிறகு, எந்த ஒலிக்குப் பிறகு எந்த ஒலி என்ற வரிசையைத் தான் எழுதித் தருவதாகவும், அதை மீறக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். பொம்மையம்மா அந்தத் தாளை மடித்து டின் மூடிக்குள் ஒட்டிக்கொண்டார். மூன்று மாதம், ஒரு நாள் தவறாமல், ஒரு மணி முதல் இரண்டு மணி வரை.

மூன்றாவது வாரம் அண்ணி பீரோவைத் திறந்து கேமராவை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"அவர் இத்தன வருஷமா எடுத்தாரு. இத யாராச்சும் எடுக்க வேணாமா?" என்றாள்.

எனக்குக் கேமராவைத் தொட்ட பழக்கம் இல்லை. மேஜை டிராயரில் இருந்த ஒரு சுருளை எடுத்து, அண்ணன் போடுகிறதைப் பார்த்திருந்த ஞாபகத்தில் உள்ளே மாட்டினேன். கட்டிலிலிருந்து அண்ணன் "தே தே தே" என்று கையை ஆட்டினார். மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம் பார் என்று நினைத்துக்கொண்டேன். நானும் கையை ஆட்டினேன். சாவி கொடுத்து, அவர்கள் இரண்டு பேரையும் சுருள் தீரும்வரை எடுத்தேன்.

அது புதுச் சுருள் இல்லை. அண்ணன் நோயில் விழுவதற்கு முந்தின வாரம் எடுத்து முடித்து, கழுவ அனுப்ப வைத்திருந்த முப்பத்திரண்டாவது சுருள். அது கழுவி வந்த ஞாயிற்றுக்கிழமை விரிப்பைக் கட்டி ஓடவிட்டபோதுதான் நான் செய்த காரியம் தெரிந்தது. அச்சகத்து மாடி அறையும் வீட்டுப் படுக்கையறையும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. பொம்மையம்மாவின் கைகள் தபால்காரரின் பையை நகர்த்துகின்றன, அதே இடத்தில் அண்ணனின் முகம் பெரிதாக, வாயைக் குவித்துக்கொண்டு. என் கட்டைவிரல் ஒரு மூலையில் மேகம் மாதிரி. அந்தச் சுருளில்தான், ஏழு வருடமாகக் கேமராவுக்குப் பின்னால் இருந்த அண்ணன் முதல்முறையாகப் படத்துக்குள் இருந்தார்.

விளக்கைப் போட்டோம். அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். உதட்டைக் குவிப்பதற்கும் நாக்கை மடிப்பதற்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் வியர்த்துவிட்டேன்.

"க...ழு...த" என்றார்.

அவ்வளவு சுத்தமான 'ழு'வை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. அண்ணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அழுதேன். திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்டவன் என்னைத் தவிர வேறு யாராவது இருப்பானா தெரியாது. பொம்மையம்மாவும் அன்றைக்கு இருந்தார். அவர், அந்த ரெண்டாவது எழுத்துக்கு நம்மகிட்ட வாயே கிடையாதே, எப்படி வந்துச்சு என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அந்த மூன்று மாதத்தின் விலை என்ன என்பது எனக்கு அடுத்த வருடம்தான் தெரிந்தது. எங்கள் ரசீதுப் புத்தகத்தை அச்சடித்துக் கொடுக்கப் பட்டறைக்கு வந்த அச்சகத்துக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியில் தபால்காரரைக் காட்ட டெலிவிஷன்காரர்கள் கேட்டிருந்தார்களாம். அதுவரை எடுத்திருந்ததற்கு ஒரு முடிவை மட்டும் எடுத்துச் சேர்த்து ஒரு தேதிக்குள் கொடுக்க வேண்டும். பொம்மையம்மாவுக்கு ஒரு நாளில் கிடைக்கிறதே அந்த ஒரு மணி நேரம்தான். அதை எங்கள் வீட்டில் உட்கார்ந்து கழித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. தேதி போயிற்று, அவர்களும் வேறு எதையோ போட்டுக்கொண்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் அன்றைக்கே மாடியேறிப் போனேன். அந்த அறைக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. படங்களில் பார்த்ததைவிடச் சின்ன அறை. மூன்று மேஜை, ஆறு விளக்கு, சுவர் முழுக்கக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்ட பொம்மைக் கைகள். மணி இரண்டைத் தாண்டியிருந்தது, கீழே இயந்திரம் ஓட ஆரம்பித்திருந்தது, தரை நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு ஸ்டூலைக் காட்டினார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பேச்சுக்குக் குறைவே இல்லாதவன் நான்.

"அன்னிக்கு வாசல்ல நான் உங்கள பேசினது..." என்றேன்.

"ஆமா, பேசினீங்க" என்றார், ஒரு பொம்மையின் தொப்பியைத் தைத்துக்கொண்டே.

"டெலிவிஷன் விஷயம் எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்மா. எங்க அண்ணனுக்காக நீங்க..."

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அவங்க தபால்காரர் பேசவே வேணாம், பின்னால ஒரு பாட்டுப் போட்டா போதும்னு சொல்லிட்டாங்க. பத்தொம்பது வாயி வச்சுக்கிட்டு அவர் எதுக்குங்க பேசாம இருக்கணும்?" என்றார். பிறகு என்னை முதல்முறையாக நேராகப் பார்த்து, "உங்க கிட்ட அந்த ரோஸ் அக்ரிலிக் துண்டு துணுக்கு மிச்சம் இருக்குமா? இந்த ஆளுக்குக் காது செய்யணும்" என்றார்.

நான் நன்றி சொல்லத்தான் போனேன். அந்த வார்த்தையை அன்றைக்குச் சொன்னேனா இல்லையா என்றே ஞாபகம் இல்லை. மறுநாள் ஒரு பை நிறைய அக்ரிலிக் கொண்டுபோனேன். அதற்கப்புறம் ஒட்டிய வாயைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது செய்தோம். வலது கை முழுசாகத் திரும்பாததால் அண்ணன் மெழுகை இடது கையால் செதுக்கினார், அச்சை நான் பிடித்துக்கொண்டேன். மூன்று தடவை உடைத்தேன். மூன்று தடவையும் கழுதை.

தபால்காரர் படம் அதற்கு இரண்டு வருடம் கழித்து முடிந்தது. பன்னிரண்டு நிமிடம். பள்ளிக்கூடத்துக் கூடம் ஒன்றில் போட்டார்கள். பிள்ளைகள் தபால்காரரோடு சேர்ந்து வாயசைத்தார்கள். கடைசியில் 'வாய்கள்' என்று எழுத்து வந்து, அதற்கு நேராக அண்ணன் பெயர் வந்தது. அண்ணி அதைப் படிப்பதற்குள் மறைந்துவிட்டது. மறுபடி ஒரு தடவை ஓட்டச் சொன்னாள், ஓட்டினார்கள். பிற்பாடு அந்தப் படம் எங்கெல்லாமோ போனது. பொம்மைப் படம் எடுக்க வருகிறவர்கள் இப்போது பொம்மையம்மாவைத் தேடி வருகிறார்கள், அவரை முன்னோடி என்கிறார்கள். அவர் அதே மாடியில்தான் இருக்கிறார்.

அண்ணனின் படம்தான் முடியவில்லை. சினிமாச் சுருள்களைச் சேகரித்து வைக்கிற ஓர் இடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பொம்மையம்மா வேலை செய்வதை வேறு யாருமே படம் எடுத்ததில்லையாம். முப்பத்திரண்டு சுருளையும் பிரதி எடுத்துக்கொண்டார்கள். வெட்டி ஒட்டி, ஒரு நல்ல குரலை வைத்து விளக்கம் பேசி, முடித்தே தருகிறோம் என்றார்கள். நானும் சரி என்று தலையாட்டினேன். அண்ணன் முடியாது என்றுவிட்டார். விளக்கத்தைத் தான்தான் பேச வேண்டும்.

இப்போது அவருக்கு அறுபத்து மூன்று. பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. சில வார்த்தைகள் வரும், சில வார்த்தைகள் வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரமாட்டேன் என்னும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அவர் வீட்டுக்குப் போவேன். புரொஜெக்டரை ஓட்டுவது நான், டேப் ரெக்கார்டரை அமுக்குவது அண்ணி. ஒரு வாக்கியம் சொல்வார், பிடிக்காது, அழிக்கச் சொல்வார். சில வாரம் இரண்டு வாக்கியம் தேறும். பொம்மையம்மா வந்தால் அதுவும் தேறாது. இது அந்த வருஷம் இல்ல, இந்த விளக்கு அப்ப கிடையாது என்று மறுப்பார். அண்ணன் விடமாட்டார். இரண்டு பேரும் சுருளை நிறுத்திவிட்டு வழக்காடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசின மனிதர் அவரிடம் ஐம்பது பேசுகிறார். அதில் பாதி அரைகுறை, ஆனாலும் ஐம்பது.

இதுவரை பதினோராவது சுருளுக்கு வந்திருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வாக்கியம்தான் முடிந்தது. அண்ணி டேப்பை அணைத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"இப்படியே போனா உங்களுக்கு எழுபது வயசாயிடும்ங்க" என்றாள்.

அண்ணன் யோசித்தார். உதடு இரண்டு தடவை அசைந்து நின்றது. நாங்கள் காத்திருந்தோம்.

"எங்க... போகப் போறோம்?" என்றார். "சாப்பாடு... போடு."

நான் புரொஜெக்டரை அணைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.